மூன்று புள்ளி, ஒரு கோடு

அவள் காயில் அவள் குறி:
மூன்று புள்ளி, அடியில் ஒரு கோடு.
பச்சையாய் இருக்கையில் ஊசியால் குத்தினால்
காய்ந்து கறுத்தாலும் அழியாது.
ஆண்டலாஹாவுக்கு மேற்கே, மலைச்சரிவில்,
வனிலாத் தோட்டம் ஒவ்வொன்றுக்கும்
இப்படி ஒரு கையெழுத்து.
எனக்குத் தெரியாதா?
தெரிந்துதான் அறுத்தேன்.

ஜூலை இரவு. மழை விட்டிருந்தது.
நாய்க்கு ஒரு துண்டு மீன்.
இருநூற்றுப் பதினான்கு காய்கள்.
சுவாசாரா என் வயதுக்காரி.
பூவுக்கு ஒரே ஒரு காலைதான் ஆயுள்;
முள் நுனியால் தொட்டுத் தொட்டு
ஒவ்வொன்றையும் சூல்கொள்ள வைத்தவள்,
ஒரு காலையையும் தவறவிடாதவள்.

எங்கள் தகரக் கூரைக் கோயிலில்
பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு பலகை:
நீலச் சாயத்தில் பத்து வரி.
எட்டாவதற்கு நேரே என் பெஞ்சு.
காவல்காரன் முகத்தைப் படிப்பதுபோல்
அதைப் படித்து வளர்ந்தவன் நான்,
எப்போது அந்தப் பக்கம் திரும்புவான் என்று.

காய்களை வெந்நீரில் முக்கினேன்.
கம்பளியில் பொதிந்து வியர்க்கவைத்தேன்.
கட்டிலடியில் தகரப்பெட்டி.
வாசனைக்கு வாய் உண்டு என்பது
அப்புறம்தான் தெரிந்தது.
சோற்றில் மணத்தது, தலையணையில் மணத்தது,
மகள் தலைமுடியில் மணத்தது.
காய் சுருங்கச் சுருங்க
புள்ளிகள் நெருங்கி வந்தன,
விலகிக்கொண்டிருந்த மூன்று பேர்
ஏதோ பேச ஒன்றாய்க் கூடுவதுபோல்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில்
கடனை மன்னிக்கும்படி கேட்கும் இடம் வந்தது.
சபை முழுக்கச் சொல்லி முடித்தது.
என் நாக்கு மட்டும் அங்கேயே நின்றது.

சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.
அவள் வீட்டுச் சுவரில் வெட்டுக்கத்தி.
எண்ணினாள். இருநூற்றுப் பன்னிரண்டு.
"இரண்டை எலி தின்றது" என்றேன்.
அந்த நேரத்திலும் அதைச் சொல்லத் தோன்றியது எனக்கு.
ஒன்றை எடுத்து முகர்ந்தாள்.
"வெயில் போதவில்லை, வெலுமாரு."

பிறகு நெடுநேரம் பேசவில்லை.
"ஊரைக் கூப்பிட்டால் உன்னைத் துண்டாக்குவார்கள்.
அதற்குப்பின் என் காயில் என்ன மணம் வரும்?
எனக்கும் ஒருவர் மன்னித்தார்,
ஆணி பாய்ந்த கையோடு.
இன்று உன்னை மன்னிக்கிறேன்.
கோபம் இன்னும் இருக்கிறது,
நாளைக்கும் மன்னிக்கவேண்டிவரும்.
உட்கார். காப்பி இருக்கிறது, சீனி இல்லை."

அந்தக் கசப்பைப்போல் இனித்தது
இதுவரை எதையும் நான் குடித்ததில்லை.

மார்ச் மாதம் ஊசி பதித்த தக்கையை
என் கையிலேயே கொடுத்தாள்.
என் கையில்!
அவள் காய்களில் அவள் பெயரை
நான் குத்துகிறேன்:
மூன்று புள்ளி, ஒரு கோடு.
பால் தெறித்து விரல் அரிக்கிறது.
அரிப்போடு சிரிப்பும் வருகிறது,
பக்கத்து வரிசையில் இருப்பவன் திரும்பிப் பார்க்கிறான்.
பிறருடையதைப் பிறருடையது என்று எழுதுவதில்
இத்தனை சந்தோஷமா?
சின்னச் சின்னக் குத்தாய்
என்மேலும் யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்,
நான் பச்சையாய் இருக்கும்போதே.

பலகை அதே பலகை. அதே நீலம்.
ஈரத்தில் எட்டாம் வரி கொஞ்சம் உரிந்திருக்கிறது.
முன்பு "திருடாதே" என்று அதட்டியது;
இப்போது அதையே
"இனி நீ திருடமாட்டாய்" என்று
வாக்குக் கொடுப்பதுபோல் கேட்கிறேன்.
சாயம் வாங்கி வந்திருக்கிறேன்,
அந்த வரியை நானே தீட்ட.

நேற்றிரவு அவள் தோட்டத்தை ஒட்டி வீடு திரும்பினேன்.
நிலா இல்லை. காய்கள் தொங்கிக்கொண்டிருந்தன,
கை நீட்டினால் எட்டும்.
கையை வீசிக்கொண்டு நடந்தேன்.
நாய் வந்து முழங்காலை முகர்ந்தது,
குரைக்கவில்லை.
மீன் ஒன்றும் கொடுக்கவில்லை நான்.