மலருக்கு ஒரு பக்கம்

நூற்றாண்டு மலர் என்றுதான் பெயர்.
நடப்பது நூற்றுப் பதினான்காம் வருடம்;
நூறில் பணம் இல்லை.
"கல்லூரி வரலாறு ஒரு பக்கம்,
வெள்ளிக்குள்" என்றார் முதல்வர்.
நான் பொருளாதாரம் நடத்துகிறவள்,
மணிக்கணக்கில் சம்பளம்.
வரலாற்றுத் துறையை மூடி
ஒன்பது வருடம் ஆகிறது.

பீரோவின் சாவி எபிநேசரிடம்.
அவர் அதைத் தேடிக்கொண்டிருந்தபோது
கீழே மெட்ரோ துளைத்தது.
ஆய்வகத்துக் குடுவைகள் ஒன்றையொன்று தொட்டுக்
கிணுகிணுத்தன.
மணி ஒன்பது நாற்பது, சிற்றாலயத்தில் பாட்டு.
பெரியமேட்டு ரேஷ்மாவின் குரல்தான்
எல்லாருக்கும் மேலே போகும், அப்புறம் இறங்காது.

டவுட்டன் தாண்டியதும்
"உத்திரம் காலேஜ் எறங்கு" என்பார் நடத்துநர்.
லுத்தரன் அவர் நாக்கில் அப்படித்தான் நிற்கிறார்.
யாரும் திருத்தியதில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில்
பாதிக்கு மேல் சாயந்திரம் மாலில் வேலை;
கட்டணப் பாக்கிப் பட்டியலில்
முக்கால்வாசி எனக்குத் தெரிந்த முகங்கள்.

பீரோ திறந்தது.
அந்துருண்டை, இரண்டு பல்லி முட்டை,
1911-இன் குறிப்பேடு.
ஹால்பெக் ஐயர் தமிழிலேயே எழுதியிருக்கிறார்,
சின்ன ர, பெரிய ற எல்லாம் குழம்பி.
*மாணவற் பதினேழு. ஆற்மோனியம் ஒன்று.
தறாசு ஒன்று. கிணறு ஒன்று, உப்பு.*

மூன்று வருடம் கழித்து, செப்டம்பரில்,
ஒரு ராத்திரி எம்டன் வந்தது.
துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன,
பட்டணம் மூட்டை கட்டியது.
குண்டு போட்டது ஐயருடைய ஊர்க் கப்பல்.
மறுநாள் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்:
*வருகை நால்வற். பாடம்: லாகரிதம்.*

அதற்கப்புறம் போலீஸ் எழுத்தில் ஒரு தாள்,
சீல் வைத்த சாமான்கள்.
ஆர்மோனியம். தராசு. குடை.
ஐயரை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.
திரும்பி வந்ததாக எங்கும் இல்லை.
தேடினேன்.

அடுத்த பக்கத்தில் கையெழுத்து வேறு.
ம. சத்தியவாசகம், தமிழ்ப் பண்டிதர்.
ஐந்து வருடமும் பெயருக்குப் பக்கத்தில்
'பொறுப்பு' என்றே போட்டிருக்கிறார்.
சம்பளக் கட்டத்தில் ஒரு கோடு.
ர, ற எல்லாம் சரியாக இருந்தன.
பிறகு சுவீடன்காரர்கள் வந்தார்கள்;
கணக்கு நேரானது, ஒரு விடுதி எழுந்தது,
குறிப்பேடு சலிப்பாகிப் போனது.

மத்தியானம் தூங்குமூஞ்சி மரத்தடியில்
பன்-பட்டர்-ஜாம் கையுமாக ஒரு கூட்டம்.
திடீரென்று ஒருத்தன், "டேய், எம்டன்!"
சிதறினார்கள்.
வந்தது முதல்வர் சுகிர்தா, ஐந்தடி உயரம்,
கையில் டிபன் பாக்ஸ்.
"ஏன்டா எம்டன்?" என்று கேட்டேன்.
"தெரியாது மிஸ்.
இந்த ரூம்ல யார் உக்காந்தாலும் அதான் பேரு.
சீனியர்ஸ் சொன்னாங்க."

வியாழக்கிழமை நாலு பக்கம் எழுதி நீட்டினேன்.
முதல்வர் பென்சிலோடு படித்தார்.
போலீஸ் வேண்டாமே.
சீல் வேண்டாம்.
'சில இடையூறுகளுக்குப் பின்' போதும்.
அப்புறம், தயங்கி,
"கீழே பாதிக்கு நகைக்கடை விளம்பரம், கோச்சுக்காதீங்க."
எனக்குக் கோபம் வரவில்லை.
அந்தப் பாதியில்தான்
மூன்று பிள்ளைகளின் பருவக் கட்டணம் இருக்கிறது.

அரைப் பக்கம்.
பேராயர்கள் போனார்கள்,
அடிக்கல் போனது, விடுதி போனது,
சுவீடன் ஒரு வரியில் நின்றது.
லாகரிதத்துக்கு வந்தவர்களை மட்டும்
கடைசியில் வைத்தேன்:

ஞா. ஏசடியான்.
கு. வைத்திலிங்கம்.
மு. காதர் மொய்தீன்.

நாலாவது பெயரைப் பூச்சி தின்றிருந்தது.
அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.
அச்சகத்தில் பிழை என்று எடுத்துவிடுவார்கள்.
சனிக்கிழமை மெய்ப்பு வரும்,
வந்ததும் மறுபடி வைக்க வேண்டும்.