ஆளணி

பருத்தித்துறை ஆஸ்பத்திரி, பின் விடுதி.
முப்பது கட்டில்.
கடமைப் பட்டியலில் இரண்டு பேர்;
மற்றவளை ஒன்பது மணிக்கே
சத்திரசிகிச்சை விடுதிக்கு இழுத்துவிட்டார்கள்.

சங்கக்கடையில் கணக்கெழுதின திருச்செல்வத்தார்
முகட்டைப் பார்த்தபடி சொல்கிறார்:
'இரண்டு மணிக்கொருக்காப் புரட்டவேணும் எண்டால்
ஆளுக்கு நாலு நிமிசம் மிஸி.
தண்ணி பருக்கிறதும் அதுக்குள்ளதான்.'

பிறகு,
'என்ர நாலை ஒன்பதாம் கட்டிலுக்குக் குடுங்கோ.
அந்தாள் அனுங்குது.'

கொடுத்தேன்.
மூன்று தரம்.

கடற்காற்று யன்னலை அடிக்க அடிக்க விடிந்தது.
போர்வையை விலக்கினேன்.
இடது குதிக்காலில்
ஐந்து ரூபாய்க் குத்தியளவு சிவப்பு,
அமத்தினால் வெளிறவில்லை.
'எவ்வளவு?' என்கிறார்.

மாதப் படிவத்தில் ஒரு பெட்டி:
ஆளணி போதுமானதா?
மேலே வரிசையாய் 'ஆம்', 'ஆம்', 'ஆம்'.
அதில் இரண்டு
என் கையெழுத்து.