இரண்டு அங்குலத் தண்ணீர்

பாடாங் செராயில் செம்பனை ஆலைக்குப் பின்னால்
தாமான் கெனாங்கா, மூன்றாவது வரிசை.
ஏழு வீட்டுச் சாவிகள் என்னிடம்.
ஆட்கள் ஜொகூரில், சிங்கப்பூரில்;
தீபாவளிக்கு வருவார்கள், சில வருடம் வரமாட்டார்கள்.

ஞாயிறு காலையில் போவேன்.
சாமி படத்துக்கு விளக்கேற்றச் சொல்லியிருப்பார்கள். ஏற்றுவேன்.
ஆனால் முதலில் குளியலறை.
தரைக்குழி மூடியைத் தூக்கி
ஒரு காயோங் தண்ணீர், மெதுவாக.
சாமி பொறுத்துக்கொள்ளும்,
சாக்கடை பொறுக்காது.

குழாயை வளைத்தது அழகுக்கென்றா நினைத்தீர்கள்?
அந்த வளைவில் தேங்கி நிற்கிற
இரண்டு அங்குலத் தண்ணீர்தான் கதவு.
அதற்கு அந்தப் பக்கம்
தெரு முழுவதின் கழிவும்
உள்ளே வர நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

பிப்ரவரி வெயிலில் அந்தக் கதவு
நாளுக்கு ஒரு நூலாகத் தேயும்.
முதலில் ஒரு கரப்பான்.
பிறகு சுவரெல்லாம் நாற்றம்.
அதனால் தண்ணீருக்கு மேல் ஒரு கரண்டி எண்ணெய் விடுவேன்.
எண்ணெய் தானும் போகாது, தண்ணீரையும் போக விடாது.
இந்த ஊர் எண்ணெய்க்கு இப்படியும் ஒரு வேலை.

பதினாலாம் எண் வீடு பூட்டிய வீடு அல்ல.
குலை லாரி ஓட்டும் பரஞ்சோதி இருக்கிறார், தனியாக.
இரவானால் வீடு நாறுகிறதாம்.
கூலிமிலிருந்து ஒரு பூசாரி வந்தார்.
செய்வினை என்றார். பூசணிக்காய் உடைத்தார்.
முந்நூறு வெள்ளி.
ஒன்பதாம் நாள்
நாற்றம் செருப்புப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

"லோகாம்பா, நீ ஒரு தடவை பாரேன்" என்றார்.

முன்னறைக் குளியலறை பூட்டிக் கிடந்தது.
"பின்னாலதான் குளிக்கிறேன்" என்றார்,
நான் கேட்காமலே.
பின்னால் ஒரு வாளி கொட்டச் சொன்னேன்.
முன்னால் குழி களக் களக் என்றது,
யாரோ அவசரமாக விழுங்குவதுபோல.
ஏணி வைத்து ஏறினேன்.
காற்றுக்குழாய் வாயில் மைனாக்கூடு:
வைக்கோல், ஸ்ட்ரா, ஒரு நீல ரிப்பன்.
குஞ்சு இல்லை. எடுத்துவிட்டேன்.
தண்ணீர் ஊற்றினேன். சத்தம் நின்றது.

நாலு நாளில் மறுபடி வறண்டுவிட்டது.

வெயில் அவ்வளவு வேகமாகக் குடிக்காது.
டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன்.
ஒரு தலைமுடி.
ஒரு நுனி வளைவின் அடியில்,
மறு நுனி விளிம்பு தாண்டி அந்தப் பக்கம் தொங்குகிறது.
விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்குமே,
அதுபோல இது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக
சாக்கடைக்குக் கடத்திக்கொண்டிருந்தது,
இரவும் பகலும், யாரும் இல்லாத அறையில்.

கம்பியால் இழுத்தேன்.
ஒன்றல்ல, ஒரு சுருள்.
முழ நீளம். நுனியில் மருதாணிச் சிவப்பு.

"என்ன அது?"
"முடி."
அவர் தன் கிராப்புத் தலையைத் தடவிக்கொண்டார்.
"எவ்வளவு?" என்றார்.
பத்து வெள்ளி என்றேன்.
ஐம்பதைக் கொடுத்துவிட்டு
மீதி வாங்காமல் லாரிக்குப் போனார்.
வாரம் ஒரு காயோங் ஊற்றுங்கள் என்று
அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.
கேட்டிருக்கும்.

ஏழாவது சாவி அந்த வீட்டுச் சாவி.
அது அவருக்குத் தெரியாது.
சுகுமாரி பஸ் ஏறின அன்று
என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.
"அவரு ஊத்த மாட்டாரு" என்றாள்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு வருடமாக நான் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

இந்த ஞாயிறு கேட்டருகே வந்தபோதே வாடை.
லாரி இல்லை.
செருப்பைக் கழற்றினேன்.
சற்று நின்றேன்.
மாட்டிக்கொண்டேன்.

எட்டாம் எண் வீட்டில் எண்ணெய் தீர்ந்திருந்தது,
கடைக்குப் போக வேண்டும்.