ஆறாவது நூல்

குளிசை நிறுத்தி எத்தனை நாள் என்று
மூன்று தரம் கேட்டேன்.
"ஏழு" என்றார் ஆதம்லெவ்வை
கரகரத்த குரலில், மூன்று தரமும்.
நம்பினேன்.
நம்பிவிட்டு மகள் பௌமியாவிடமும் கேட்டேன்.

வயிறென்றால் ஒரு கோப்பை ரத்தம் போனாலும்
நின்று யோசிக்கலாம்.
இது மூச்சு போகிற வழி.
ஒரு மேசைக்கரண்டி திசைமாறி இறங்கினாலே
நெஞ்சு மூழ்கிவிடும்.

மட்டக்களப்பில் முகத்துவாரம் வெட்டிய இரவு அது.
வாவி கடலுக்குள் ஓடிக்கொண்டிருக்க
ஜெனரேற்றர் ஒருமுறை இருமியது.
கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினோம்.
அட்ரினலின் தோய்த்த பஞ்சுகள் உள்ளே போகப்போக
வெள்ளை நூல்கள் கடைவாயில் தொங்கின.
ஐந்து என்று பலகையில் எழுதினேன்.

குரல்நாணில் முளைத்ததை
டொக்டர் யசோதரை தொட்டதும்
திரை முழுக்கச் சிவப்பு.
யாரும் கத்தவில்லை.
"சக்ஷன்." கொடுத்தேன்.
"இன்னொரு பஞ்சு." கொடுத்தேன்.
பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.
அழுத்திப் பிடித்தபடி
சுவர் மணிக்கூட்டையே பார்த்து நின்றார்.
வெட்டும் கையைவிட
இந்தச் சும்மா இருக்கும் கைக்குத்தான்
கூடப் படித்திருக்க வேண்டும்.

முடிவில் எண்ணினேன். ஐந்து.
பலகையிலும் ஐந்து.
டொக்டர் கையுறையில் விரல் வைத்தார்.
"இல்லை, ஆறு" என்றேன்.
நாக்கின் அடியில்
நூலும் சிவந்து, சதையைப் போலவே
ஒளிந்து கிடந்தது.

காலையில், பேசக்கூடாதென்று கொப்பி கொடுத்தோம்.
எழுதினார்: பிளேன்ரீ. சுடச்சுட.
ஆறவைத்துத்தான் தருவேன், சூடு பட்டால்
மறுபடி கசியும் என்றேன்.
பேனையைப் போட்டுவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
கோபத்திலும்
மூச்சு சீராய் இருந்தது.