தீப்பிடிக்காத நூல்

பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டிக்குள்
பதினோரு வருஷமாக மடிந்து கிடந்த உடுப்பு
இடுப்பில் சேரவில்லை.
இரண்டு அங்குலம் வேண்டும், என்றேன்.
ஒன்றரை, என்றார்.
டேப்பை அவர் கையிலேயே கொடுத்தேன்.
இரண்டேகால்.

ருஸ்டம்ஜியின் போன் வந்தது செவ்வாய் ராத்திரி.
அவருடைய முதல் வண்டிப் பையன்
மணிக்கட்டை உடைத்துக்கொண்டானாம்,
இன்னும் மூன்று பந்தயம் பாக்கியாம்.
"சகாயம், நீ இன்னும் ஓட்டுவியா?"
அந்த நேரத்தில் என் புருஷன்
எண்ணூர் சாலையில்,
கண்டெய்னர் வரிசையில் நாற்பத்தி ஏழாவது வண்டியில்,
ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு
தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
மணிக்கு இருநூறில் போனவர்
அன்றைக்கு ஆறு மணி நேரத்தில் நகர்ந்தது
எழுநூறு மீட்டர்.
"ஓட்டுவேன்" என்று சொன்ன பிறகுதான்
வாயிலிருந்ததை விழுங்கினாராம்.
என்னிடம் கேட்கவில்லை.
வீட்டுக்கு வந்து ஸ்டூலைப் போட்டு
பெட்டியை இறக்கினார். அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டு வயதில்
முதலில் தளர்வது கழுத்தாம்.
விடிகாலை மொட்டை மாடியில்
ஹெல்மெட்டில் சைக்கிள் டியூபைக் கட்டி
நுனியில் மூன்று கிலோ படிக்கல் தொங்க
வலப்பக்கம் இருபது, இடப்பக்கம் இருபது.
எதிர்மாடியில் கருவாடு புரட்டும் பிலோமினா
நான்கு நாள் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இன்னாக்கா, அண்ணனுக்கு பேய் கீய் புட்ச்சிக்கிச்சா?"
ஆமாம் பிலோ,
பழைய பேய்தான். வழி தெரிந்து வந்திருக்கிறது.

ஸ்டான்லியில் கண் பரிசோதனை.
கடைசி வரியைத் திக்காமல் படித்தார்.
முன்னாடியே மனப்பாடம் பண்ணினாரா என்று
நான் கேட்கவில்லை.

இந்தத் துணி நெருப்பில் எரியாது.
சாதா நூலில் தைத்தால்
துணி நிற்கும், தையல் விட்டுவிடும்.
எம்.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன்.
"தீப்பிடிக்காத நூலா? யாருக்குக்கா, மேஜிக் ஷோவா?"
இருபது வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில்
மிஷின் மிதித்தவள்.
வெறுங்கையோடு வந்தேன்.

நூல் உடுப்பிலேயே இருந்தது.
மார்பில் பெயின்ட் கம்பெனி பேர்:
அந்தக் கம்பெனி இப்போது இல்லை,
திருவொற்றியூரில் கேட்டில் பூட்டு, உள்ளே வேலிக்காத்தான்.
முதுகில் பேட்டரிக் கம்பெனி. அதுவும் போயிற்று.
ஊசி முனையால் நெம்பி நெம்பி
எழுத்துப் பட்டைகளை உரித்தேன்,
முழம் முழமாக வந்த நூலை பாபினில் சுற்றினேன்.
பக்கத் தையலுக்குள் தாராளமாகத் துணி விட்டிருந்தான்
முகம் தெரியாத அந்தத் தையல்காரன்,
இவர் தொந்தி போடுவார் என்று
அன்றைக்கே கணக்குப் போட்டவன்.

இடது முழங்கையில் தேன் நிறத்தில் ஒரு வட்டம்.
அது அன்றைய நெருப்பு.
துணி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.
ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் ஒரு சொல் வாங்கினேன்,
அதையும் காப்பாற்றினார்,
பதினோரு வருஷம், டிரெய்லரில்.
வட்டத்தின் மேல் கை வைக்காமல்
இரண்டு பக்கமும் தைத்து முடித்தேன்.
பெல்ட்டில் 'டேவ்' என்று பேர்.
தண்டையார்பேட்டையில் யாரும் கூப்பிடாத பேர்.

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை.
நாலு மணிக்கு போன்.
"ஒன்பது."
"எத்தனை பேர்ல?"
"பதினாலு. அஞ்சு பேரும் பசங்க."
பின்னால் ஏதோ வண்டி அலறி அடங்கும்வரை காத்திருந்தார்.
"ரெண்டாவது வளைவுல கால எடுத்துட்டேன்."
"எப்பவும் எடுக்காத இடமா?"
"எப்பவும் எடுக்காத இடம்."
நல்லது என்று சொல்ல வாயெடுத்தேன்.
"கடைசி மூணு ரவுண்டு எடுக்கல" என்றார்.

திங்கள் காலை
துறைமுக வரிசையில் டீ விற்கிற பையன்
டிரெய்லர் கதவைத் தட்டினானாம்:
"கெலிச்சியா நைனா?"
முப்பத்தி ஒன்றாவது வண்டி.
முன்னால் இருந்தது அரை அடி நகர,
இவரும் நகர்ந்தாராம்.
பாபினில் கொஞ்சம் நூல் மிச்சமிருக்கிறது.
இன்னும் இரண்டு பந்தயம்.