உள்மூச்சு

ஆமாம் என்பதை இங்கே
உள்ளிழுத்துச் சொல்கிறார்கள்.
சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டவர்போல,
இருட்டில் ஒரு படி தவறியவர்போல
சட்டென்று ஒரு மூச்சு.
அவ்வளவுதான். ஆமாம்.

தெஸ்ஸேக்கு வந்த முதல் வாரம்
நான் சொன்ன எல்லாவற்றுக்கும் வகுப்பு திடுக்கிட்டது.
ஈரம் ஏற ஏறக் களிமண் வலுவிழக்கும் என்றேன்.
நாற்பத்தொரு பேரும் அதிர்ந்தார்கள்.
புரிந்ததா என்றேன்.
மறுபடியும் அதிர்ந்தார்கள்.
ஏதோ துக்கச் செய்தியைத் தவணையில் சொல்பவள்போல
மண்ணியக்கவியலின் முதல் பாடத்தை
மெல்ல மெல்ல முடித்தேன்.

ஊருக்கு மேற்கே நிற்கும் மலையின் பெயர் தோஸா.
இதைச் சொல்லிச் சிரிக்க
எனக்கு இங்கே ஒருவரும் இல்லை.

ஆய்வகத்தில் ஒரு பித்தளைக் கிண்ணம்.
கரிசலைக் குழைத்து அதில் அப்பி
நடுவே ஒரு சால் கீறிக்
கைப்பிடியைச் சுற்றினால்
கிண்ணம் எழும்பி எழும்பி விழும்.
இருபத்தைந்தாம் அடியில் சால் மூடிக்கொண்டால்
அந்த ஈரம்தான் எல்லை,
அதற்குமேல் மண் மண்ணாக நிற்காது.
ஆந்து, ஹுலெத், ஸோஸ்த் என்று
மெஸெரெத்தும் கஷாவும் உரக்க எண்ணுவார்கள்,
நானும் கூடவே.
அதனால் அம்ஹாரிக்கில் எனக்கு
இருபத்தைந்து வரை எண்ண வரும்.
சந்தையில் அதற்குமேல் விலை சொன்னால்
வாங்காமல் வந்துவிடுவேன்.

மூன்று மணிக்குத் தேர்வு என்று எழுதி ஒட்டினேன்.
பொழுது புலர்வதிலிருந்து மணி எண்ணும் நாடு இது,
அவர்களுடைய மூன்று என் ஒன்பது.
நான் சாப்பிட்டு, துணி காயப்போட்டு,
குடையோடு நிதானமாக வந்து சேர்ந்தபோது
தாழ்வாரம் முழுக்கப் பிள்ளைகள்.
சிலர் தூங்கிக்கொண்டு.
ஒருத்தி வறுத்த பார்லியைக்
காகிதத்தில் வைத்து எல்லோருக்கும் நீட்டிக்கொண்டு.
ஆறு மணிநேரம்.
ஏன் யாரும் வந்து கூப்பிடவில்லை?
கஷாவ் எழுந்து நின்று சொன்னான்:
இதுவும் தேர்வில் ஒரு பகுதியோ என்று நினைத்தோம்.
கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன்.
தாழ்வாரத்தின் இந்த முனையிலிருந்து
அந்த முனைவரை
ஒரே உள்மூச்சு.

வீட்டுக்காரி யெஷிமெபெத்
காப்பியை மூன்று சுற்று ஊற்றுவாள்.
முதல் சுற்றில் மழை, இரண்டாவதில் விலைவாசி,
மூன்றாவதில்தான் கேட்டாள்:
உன் கணவர் இறந்துவிட்டாரா?
இல்லை, பிரிந்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும்.
எனக்குத் தெரிந்த இருபத்தைந்து சொற்களில்
அது இல்லை.
இரண்டு கோப்பைகளை எடுத்து
மேசையில் தள்ளித் தள்ளி வைத்துக் காட்டினேன்.
அவள் ஒன்றும் சொல்லாமல்
இரண்டையும் நிரப்பினாள்.

நேற்று ராத்திரி அவர் கூப்பிட்டார்.
போரூர் ஃபிளாட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்களாம்,
கொடுத்துவிடலாமா?
பதினெட்டு வருஷத்தில்
அவரிடம் நான் சொன்ன சரிகளை நினைத்துக்கொண்டேன்.
எல்லாம் வெளியே விட்ட மூச்சு.
கார் வாங்கலாமா, சரி.
வேலையை விட்டுவிடேன், சரி.
ஒவ்வொரு சரிக்கும்
உள்ளே கொஞ்சம் காற்றுக் குறைந்துகொண்டிருந்தது,
பஞ்சர் என்று தெரியாமலே
ஓட்டிக்கொண்டிருந்த சைக்கிள்.

எப்போது பழகியது என்று தெரியவில்லை.
யோசிக்கும் முன்பே
சட்டென்று உள்ளிழுத்துவிட்டேன்.

என்னாச்சு, அவர் பதறினார்.
எதைப் பார்த்து பயந்துட்டே?
அழறியா?

சன்னலுக்கு வெளியே
ஒற்றை விளக்கோடு ஒரு பஜாஜ்
மூடுபனியில் மேடேறிக்கொண்டிருந்தது.
அது வளைவில் மறையும்வரை பார்த்தேன்.
மூச்சு இன்னும் உள்ளேதான் இருந்தது.
இருக்கட்டும் என்று
ஆந்து, ஹுலெத், ஸோஸ்த்...

பதினேழில் அவரே
லைன் கட்டாயிடுச்சு போல என்று
யாரிடமோ சொல்வது கேட்டது.