காரம்

கானோ சந்தையில், புழுதிக் காற்று அடங்காத வியாழக்கிழமை,
என் பானைக்குள் அரைக் குடம் சாம்பல் நீர் சாய்ந்தது.
சாய்த்தவள் அசபே.
சவுக்காரம் விற்பவள், பக்கத்துக் கடை.
குடை நிழல் யாருக்கென்று
பதினொரு வருஷமாய் எங்களுக்குள் பேச்சில்லை.

பானையில் இருந்தது சோபோ.
செம்பருத்திதான், ஆனால் இதழ் இல்லை;
இதழ் உதிர்ந்தபின் காயைப்
பொத்திப் பிடித்திருக்கும் சிவந்த விரல்கள்.
காயவைத்து, இஞ்சி தட்டிப் போட்டு,
கிராம்பு நாலு,
கொதிக்கவிட்டு விடியுமுன் வடித்தது.

நாக்கைச் சுண்டும் புளிப்பு.
லாரிக்காரர்கள் தாகத்துக்குக் குடிப்பார்கள்.
தையற்காரர் டன்லாமி ரத்தக் கொதிப்புக்கு.
"மாத்திரை போட்டீரா?" என்பேன்.
"உன் கோப்பையில் கரைந்திருக்கிறதே" என்பார்.
நர்ஸ் ருக்கையா ஒருநாள் வந்தாள்,
ஒரு மடக்குக் குடித்தாள், சொன்னாள்:
இது நல்லதுதான். மாத்திரையும் நல்லதுதான்.
நீ கொட்டும் சர்க்கரைதான் யாருக்கும் ஆகாது.
அதிலிருந்து அவருக்கு மட்டும் தனிச் செம்பு.
மாத்திரையை விழுங்கிக் காட்டினால்தான் ஊற்றுவேன்.

அந்தப் பானை
கண்ணெதிரே கறுத்து, நீலம் பாய்ந்து,
குட்டைப் பாசியாய்ப் பச்சை பிடித்தது.

கத்தினேன். அவளும்.
வெங்காயக்காரர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.
அவள் என் அம்மாவரை போனாள்.
நான் அவள் மாமியார்வரை போய்,
இன்னும் கொஞ்சம் தள்ளியும் போனேன்.

சட்டென்று வாயை மூடினாள் அசபே.
பச்சையைப் பார்த்தாள். தன் கட்டிகளைப் பார்த்தாள்.

போன மாதம் அவள் சவுக்காரம்
ஒரு குழந்தையின் தோளை உரித்தது
சந்தைக்கே தெரியும்.
கம்புத் தட்டைச் சாம்பலில் காரம் எவ்வளவு ஏறியிருக்கிறதென்று
நுனி நாக்கால் தொட்டுத்தான் அறிவாள்.
அந்த நாக்கில் புண் ஆறியதே இல்லை.

பானைக்கான காசை எண்ணாமல் வைத்தாள்.
"நாளைக்கு உன் சக்கை வேண்டும்."
பதினொரு வருஷத்தில்
வசவு கலக்காத முதல் வார்த்தை.

இரண்டு கொதி கண்டு ருசி செத்த சக்கை,
ஆட்டுக்குப் போட்டால் ஆடு முகரும், போய்விடும்.
அதைக் காசு கொடுத்து வாங்குகிறாள்.
ஊறவைத்த நீரில் ஒரு சொட்டு, கட்டியின் மேல்.
பச்சை தாண்டி மஞ்சளாய் ஓடினால்
தோலைத் தின்னும்; இன்னும் கிடக்கட்டும்.
மங்கிய நீலத்தில் நின்றால்
இலையில் மடித்துக் கட்டலாம்.

நாக்குப் புண் ஆறிவிட்டது.
ஆறிய நாக்கு முன்னைவிட நீளம்.
நேற்றுகூடக் குடை நிழலுக்குச் சண்டை.

அவள் பேச்சின் மேலும் ஒரு சொட்டு
விட்டுப் பார்க்கத்தான் ஆசை.